மழை பொய்த்த வருஷம்: எதை விற்பது, எதை விடாமல் பிடிப்பது?

கார்த்திகை கழிந்தும் காடு நனையாத ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பயிர், கால்நடை, கடன், காப்பீடு என்று அந்தந்த விஷயத்தில் பழகியவர்கள் சேர்ந்து எழுதியது. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்களுக்கு 5 ஏக்கர் மானாவாரிக் காடு. அதில் 2 ஏக்கர் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்). புரட்டாசியில் விதைத்த சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுபோச்சுங்க. காங்கயம் மாடு இரண்டு, ஒன்று சினை, இன்னொன்றுக்கு வயசாச்சு. ஒரு கன்று, 14 செம்மறி. எல்லாத்தையும் வித்துப்போட்டுத் திருப்பூர் போயிரலாம்னு மகன் சொல்றான். எதை முதல்ல விக்கிறதுங்க?
(மூலனூர்)

பதில்: எல்லாவற்றையும் ஒரே சந்தையில் தள்ளிவிட வேண்டாம். எதையும் விற்காமல் பங்குனி வரை இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். ஒரு வருஷ வெள்ளாமை போனதால் மட்டும் குடும்பம் நொடிந்துவிடாது. விற்கிற வரிசை தப்பினால்தான் அடுத்த மழைக்கு எழுந்து நிற்க முடியாமல் போகும். மழை வந்தபின் கையில் காசு இருந்தாலும் சட்டென்று கிடைக்காதவை மூன்று: நம்பிக்கையான விதை, ஈனுகிற வயதில் உள்ள மாடும் பெட்டை ஆடும், நிலம். இந்த மூன்றையும் கடைசி வரை தொடாதீர்கள்.

முதலில் தீவனக் கணக்கைப் போடுங்கள். 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளுக்கு 6 முதல் 7 கிலோ காய்ந்த தீவனம் வேண்டும். இரண்டு மாட்டுக்கும் 13 கிலோ, கன்றுக்கு 2 கிலோ. செம்மறி ஒன்றுக்கு முக்கால் கிலோ வீதம் 14-க்கும் ஏறக்குறைய 10 கிலோ. அதில் பாதியைக் கொறங்காட்டின் காய்ந்த கொழுக்கட்டைப்புல்லும் கோடையில் உதிரும் வெள்வேலங்காயும் கொடுத்துவிடும் என்று வைத்தால், நீங்கள் போட வேண்டியது 5 கிலோ. ஆக நாளுக்கு 20 கிலோ. தை முதல் ஆனி வரை 180 நாளுக்கு 3,600 கிலோ.

இனி தட்டுப்போரை (காய்ந்த சோளத்தட்டு அடுக்கிய போரை) பாருங்கள். கண்ணால் மதிப்பிட வேண்டாம். மூன்று கட்டுகளை இறக்கித் தராசில் நிறுத்து, சராசரி எடுத்து, மொத்தக் கட்டுகளால் பெருக்குங்கள். 2,000 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இருக்கும் உருப்படிக்கு அது 100 நாள்தான் தாங்கும்; சித்திரையில் போர் தரை தட்டிவிடும். ஆனால் கிடாய்க் குட்டிகளையும், பல் தேய்ந்த ஆடுகளையும், இரண்டு ஈத்துக்காலம் சினை பிடிக்காததையும் கழித்து 6 நல்ல பெட்டைகளை மட்டும் வைத்தால் நாளுக்கு 3 கிலோ மிச்சம். வயதான மாட்டையும் கொடுத்துவிட்டால் இன்னொரு ஆறரைக் கிலோ மிச்சம். அதே 2,000 கிலோ இப்போது 190 நாள் வரும். சினை மாடும் கன்றும் 6 ஆடும் ஆடி மழையைப் பார்த்துவிடும்.

விற்பதென்றால் தை பிறப்பதற்குள் விற்றுவிடுங்கள். குண்டடம், கன்னிவாடி சந்தைகளில் வறட்சி வருஷத்தின் மாசி, பங்குனியில் எல்லோரும் ஒரே சமயத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அதற்குள் உங்கள் ஆட்டின் எடையும் குறைந்திருக்கும். விலையும் எடையும் சேர்ந்து விழும்போது விற்பதுதான் பெரிய நஷ்டம்.

கொறங்காட்டைப் பற்றி ஒன்று. இரண்டு ஏக்கரையும் ஒரே சமயத்தில் மேய விடாதீர்கள். கிளுவை வேலிக்கு உள்ளேயே நடுவில் முள் போட்டு இரண்டாகப் பிரித்து, மாற்றி மாற்றி விடுங்கள். கொழுக்கட்டைப்புல் தூர் நாலு விரற்கடை உயரமாவது நிற்க வேண்டும். செம்மறி அதைத் தரையோடு கரண்டிவிட்டால் மழை வந்தாலும் தூர் துளிர்க்காது.

மகன் திருப்பூர் போவதில் தப்பில்லை. பனியன் கம்பெனிச் சம்பளம்தான் இன்று பல மானாவாரி வீடுகளில் மாட்டைக் காப்பாற்றுகிறது. ஒருவர் போகட்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போனால், திரும்பி வரும்போது வேலி இருக்காது, விதை இருக்காது, மாடும் இருக்காது.

கேள்வி: வாடி நின்ன சோளத்துல பசுவை அவுத்து விட்டோம். கால் மணி நேரத்துல மூச்சு வாங்கி, நுரை தள்ளி விழுந்துருச்சு. மருத்துவர் வந்து ஊசி போட்டுப் பொழச்சுக்கிச்சு. மீதிச் சோளத்தை என்ன பண்றதுங்க?
(வெள்ளகோவில்)

பதில்: சோளப்பயிரில் துர்ரின் என்ற பொருள் இருக்கிறது. இலை மெல்லப்பட்டு மாட்டின் வயிற்றுக்குள் போனதும் அது சயனைடு நஞ்சாக மாறும். 45 நாளுக்கு உட்பட்ட இளம்பயிரில் இது அதிகம். தண்ணீர் இல்லாமல் வளர்ச்சி நின்ற பயிரில் இன்னும் அதிகம். எல்லாவற்றையும்விட மோசம், வாடிக் கிடந்து ஒரு மழையில் திடீரென்று துளிர்த்த பயிர். பார்க்கப் பச்சென்று இருக்கும். பசித்த மாட்டை அவிழ்த்துவிடக் கை துறுதுறுக்கும். அவிழ்த்து விடாதீர்கள்.

மீதிப் பயிரை அறுத்து, களத்தில் மெல்லிசாகப் பரப்பி, நடுவில் ஒருமுறை புரட்டி, 3 அல்லது 4 நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். தண்டை ஒடித்தால் 'படக்' என்று ஒடிய வேண்டும். காயக் காயச் சயனைடு பெருமளவு போய்விடும். பச்சையாகக் குவித்து வைத்தால் போகாது. காய்ந்ததையும் முதல் நாள் வைக்கோலோடு கலந்து கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள்.

பயிருக்கு யூரியா போட்டிருந்தீர்களா என்று எழுதவில்லை. போட்டிருந்தால் இன்னொரு ஆபத்து உண்டு. வறட்சியில் பயிர் நைட்ரேட்டை உறிஞ்சி அடித்தண்டில் தேக்கி வைக்கும். இது வெயிலில் காய்ந்தாலும் போகாது. அதனால் அறுக்கும்போது அடித்தண்டை ஒரு அடி விட்டு மேலே அறுங்கள். இரண்டு நஞ்சும் ஒரே மாதிரி மூச்சு வாங்க வைக்கும். ஆனால் சயனைடில் மாட்டின் ஈறும் இரத்தமும் பளிச்சென்று சிவந்திருக்கும். நைட்ரேட்டில் இரத்தம் சாக்லெட் நிறத்தில் பழுப்பாகும். மருத்துவரைக் கூப்பிடும்போது ஈறின் நிறத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு, நேரமோ மிகக் குறைவு. கால்நடை அவசர எண் 1962. அவர் வரும் வரை வாயில் எண்ணெய், புளித்தண்ணீர் என்று எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுத் திணறும் மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

கேள்வி: கோபிப் பக்கமிருந்து வைக்கோல் வாங்கிப் போட்டோம். மாடு தின்கிறது, ஆனால் மெலிகிறது. யூரியா தெளித்துப் போடலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
(காங்கயம்)

பதில்: பயம் நியாயமானது. அளவும் நாளும் தப்பினால் மாடு செத்துப்போகும். சரியாகச் செய்தால் வெறும் வைக்கோலைவிட நன்றாகச் செரிக்கும், புரதமும் கூடும்.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். கட்டி ஒன்றுகூட இல்லாமல் கரைய வேண்டும். தரையில் தார்ப்பாய் விரித்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்குக்கும் பூவாளியால் சீராகத் தெளித்து மிதியுங்கள். முழுவதும் அடுக்கியபின் பாலித்தீன் தாளால் மூடி, ஓரத்தில் மண் அணைத்துக் காற்றுப் புகாமல் 21 நாள் வையுங்கள். உள்ளே யூரியா அம்மோனியாவாக மாறி வைக்கோலை இளக்கும். தாளில் ஓட்டை இருந்தால் அம்மோனியா வெளியே போய், உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட பகுதியை எருக்குழிக்குத் தள்ளிவிடுங்கள்.

21 நாள் கழித்துத் திறந்தால் வைக்கோல் பழுப்பு மஞ்சளாகவும் காரநெடியாகவும் இருக்கும். ஒரு நாளைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். முதல் வாரம் கால் பங்கு, அடுத்த வாரம் பாதி என்று பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. தெளித்த அன்றே போடவே கூடாது. கரைத்த வாளியைக் கட்டுத்தரையில் வைக்காதீர்கள். தாகத்தில் இருக்கும் மாடு அதைக் குடித்துவிடும். அப்படித்தான் பெரும்பாலான சாவு நடக்கிறது.

கேள்வி: மக்காச்சோளத்துக்குக் காப்பீடு கட்டியிருக்கிறேன். பயிர் முழுசும் கருகிவிட்டது. பணம் வருமா? அரசு நிவாரணம் கொடுத்தால் காப்பீடு கிடைக்காதா?
(குண்டடம்)

பதில்: இரண்டும் வேறு வேறு. ஒன்று வாங்கினால் மற்றது கிடைக்காது என்பதில்லை.

காப்பீட்டில் பெரும்பாலானவர்கள் தெரியாமல் ஏமாறும் இடம் இதுதான்: வறட்சிக்கு உங்கள் காட்டைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. அறிவிக்கப்பட்ட வருவாய்க் கிராமம் அல்லது குறுவட்டம் (ஃபிர்கா) முழுமைக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அந்தச் சராசரியைத்தான் பார்ப்பார்கள். உதாரணத்துக்கு, உங்கள் பகுதிக்கு உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,000 கிலோ, பரிசோதனையில் வந்தது 400 கிலோ, காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் என்று வைப்போம். குறைவு 600 கிலோ, அதாவது 60 சதவீதம். ஏக்கருக்கு 18,000 ரூபாய் வரும். உங்கள் காட்டில் ஒரு கதிர்கூட இல்லாவிட்டாலும் அதே 18,000-தான். பக்கத்தில் கிணற்றுப் பாசனக்காரர்கள் நன்றாக எடுத்து, சராசரி உயர்ந்துவிட்டால் உங்களுக்கும் குறையும். அதனால் பரிசோதனை நடக்கும் நாளை வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டுவைத்து, ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேராவது அங்கே போய் நில்லுங்கள். எந்த சர்வே எண்ணில் அறுத்தார்கள், எடை எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குவது, அறுத்துக் காயப்போட்டது நனைவது போன்றவற்றுக்கு மட்டும் தனித்தனிக் காட்டைப் பார்ப்பார்கள். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். எண் 14447. மழையே இல்லாமல் அறிவிக்கப்பட்ட பகுதியில் முக்கால்வாசிப் பரப்பு விதைக்கப்படாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

பணம் நின்றுபோகும் காரணங்கள் பெரும்பாலும் காகிதத்தில்தான். அடங்கலில் (கிராமத்தின் பயிர்க் கணக்கில்) சோளம், காப்பீட்டில் மக்காச்சோளம் என்று இருப்பது. உட்பிரிவு எண் தப்பாக இருப்பது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காதது. குத்தகைக்காரர் பெயரில் அடங்கல் இல்லாதது. பிரீமியம் கட்டிய ரசீதையும் அடங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள். பிரீமியம் காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் கால) பயிருக்கு 2 சதவீதம், ராபி (அதற்கு அடுத்த பருவ) பயிருக்கு 1.5 சதவீதம், ஆண்டு வணிகப் பயிருக்கும் தோட்டக்கலைப் பயிருக்கும் 5 சதவீதம். 2020 காரிஃப் முதல் கடன் வாங்கியவர்களுக்கும் காப்பீடு கட்டாயம் இல்லை. 'வங்கியே கட்டியிருக்கும்' என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

நிவாரணத்துக்கு 33 சதவீதத்துக்கு மேல் பயிர்ச்சேதம் இருக்க வேண்டும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தபோது, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நெல்லுக்கும் மற்ற பாசனப் பயிருக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், நெல் தவிர்த்த மானாவாரிப் பயிருக்கு 3,000, நீண்டகாலப் பயிருக்கு 7,287 என்று கொடுத்தார்கள். மானாவாரிக்கு எப்போதும் குறைவு. உழவுக்கும் விதைக்கும் ஆன செலவில் ஒரு பகுதிதான் அது; அதை நம்பி வெளியில் கடன் வாங்காதீர்கள். கருகிய பயிரை மடக்கி உழுவதற்கு முன், தேதியும் இடமும் விழும்படி போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி அடங்கலில் ஏற்றிவிடுங்கள். உழுதுவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

கேள்வி: சங்கத்தில் பயிர்க்கடன், வங்கியில் நகைக்கடன், வெளியில் 100-க்கு 5 வட்டிக்கு ஒரு லட்சம். எதை முதலில் அடைக்க? வெளிக்கடன்காரர் 'காட்டுக்கு ஒரு கிரயம் எழுதிக் கொடுத்திருங்க, பணம் கட்டினதும் திருப்பி எழுதித் தர்றேன்' என்கிறார்.
(சென்னிமலை)

பதில்: அந்தக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கிரயம் என்றால் விற்றுவிட்டதாகவே பொருள். திருப்பி எழுதித் தருவேன் என்ற வாய்ச்சொல்லுக்குப் பத்திரப் பதிவில் இடமில்லை. பொது அதிகாரப் பத்திரமும் அப்படித்தான். ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அடமானப் பத்திரமாக, அசலும் வட்டியும் தவணையும் எழுதிப் பதிவு செய்யுங்கள்.

100-க்கு மாதம் 5 என்றால் ஒரு லட்சத்துக்கு வருஷம் 60,000 ரூபாய். எந்த வெள்ளாமையும் இதைத் தாங்காது. முதலில் அடைக்க வேண்டியது இதைத்தான். நகையின் இன்றைய மதிப்புக்குக் கூடுதலாகக் கடன் கிடைக்குமா என்று வங்கியில் கேட்டு, கிடைத்தால் வெளிக்கடனை அங்கே மாற்றுங்கள். அநியாய வட்டி வசூலைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் எழுத்தாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

சங்கக் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. கட்ட முடியாது என்று தெரிந்தால் கெடு முடியும் முன்பே போய்ச் சொல்ல வேண்டும். வறட்சி அறிவிக்கப்பட்ட பகுதியில் பயிர்க்கடனை மத்தியகாலக் கடனாக மாற்ற முடியும். ரிசர்வ் வங்கியின் 2018 வழிகாட்டுதலில், சேதம் 33 முதல் 50 சதவீதம் வரை என்றால் 2 ஆண்டு வரை, 50-க்கு மேல் என்றால் 5 ஆண்டு வரை தவணை நீட்டிக்கலாம் என்றும், அதில் முதல் ஆண்டு அசல் கேட்கக்கூடாது என்றும் இருக்கிறது. இன்றைய விதி என்ன என்று கிளை மேலாளரிடம் எழுத்தாகக் கேளுங்கள். தானாக யாரும் மாற்றித் தரமாட்டார்கள். மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ராத்திரியில் தூங்குவதில்லை. தோட்டத்துக்குப் போய் வறண்ட கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொள்கிறார். யாரிடமும் பேசுவதில்லை. என்ன செய்யட்டும்?
(ஊர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பா எல்லாவற்றையும் வீட்டிலிருந்தும் மோட்டார் ரூமிலிருந்தும் எடுத்து, பூட்டுள்ள பெட்டியில் வைத்துச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாதவற்றை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தாங்க முடியாத அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லாமல் இருந்தாலே பல உயிர் தப்புகிறது.

அவரைத் தனியாக விடாமல் மச்சானோ பங்காளியோ யாராவது கூட இருக்கட்டும். 'சாகணும்னு தோணுதுங்களா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது; உள்ளே அடைத்து வைத்திருப்பவருக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம். அவர் பேச மறுத்தால் நீங்களே பேசி ஆலோசனை கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார்.

மனம் கொஞ்சம் தேறியபின் இருவரும் உட்கார்ந்து, கடன்களை ஒரு தாளில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எப்போது கெடு. மேலே சென்னிமலைக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும் உதவும்.

கேள்வி: தென்னை 120 மரம். போர்வெல் ஒரு மணி நேரம்தான் ஓடுகிறது. எல்லா மரத்தையும் காப்பாற்ற முடியுமா?
(உடுமலை)

பதில்: சொட்டுநீர் இருந்தால் முடியும். கோடையில் மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் நல்ல காய்ப்புக்கு. கடும் பஞ்சத்தில் 22 லிட்டர் கொடுத்தாலும் மரம் உயிர் பிழைக்கும். 120 மரத்துக்கு 2,640 லிட்டர். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வருகிறது என்று தொட்டியில் விட்டு அளந்து பாருங்கள்.

மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் 100 தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி பரப்புங்கள். மட்டை இல்லாவிட்டால் 15 காய்ந்த ஓலை, அல்லது 10 செ.மீ. உயரத்துக்கு மக்கிய தென்னைநார்க் கழிவு. காய்ந்து தொங்கும் அடியோலைகளை வெட்டி அங்கேயே போட்டுவிடலாம். வறட்சியில் ரசாயன உரம் வேண்டாம். ஈரமில்லாத மண்ணில் வேர் கருகும். மழை வந்ததும் சாம்பல்சத்தைக் குறைக்காமல் கொடுங்கள்.

ஒன்றுக்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். தென்னங்குருத்துக்குள் பூங்குலை உருவாகத் தொடங்கிக் காய் வெட்டுவது வரை மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். இந்த வறட்சியின் அடி அடுத்த இரண்டு மூன்று வருஷம் வரை காய்ப்பில் தெரியும். மழை வந்த வருஷமே காய் குறைகிறதே என்று மரத்தை வெட்டிவிடாதீர்கள். மரம் கெட்டுப்போகவில்லை, அது பட்ட கஷ்டம் இப்போதுதான் வெளியே வருகிறது.

கேள்வி: 800 அடியில் தண்ணீர் நின்றுவிட்டது. 1,200 வரை இறக்கலாமா? அத்திக்கடவுத் திட்டத்தால் ஊறாதா?
(அன்னூர்)

பதில்: நம் பக்கத்து நிலத்தடி நைஸ், சார்னோகைட் போன்ற கடும்பாறை. தண்ணீர் பாறையில் இல்லை. பாறை வெடிப்பில்தான் இருக்கிறது. ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும். 1,200 அடியில் கிடைத்தாலும் அது பல வருஷமாகத் தேங்கியது; சில மாதத்தில் தீர்ந்துவிடலாம். நகையை வைத்து இறக்கும் அந்தக் கடைசி 400 அடிதான் நம் ஊரில் பல குடும்பங்களை முறித்திருக்கிறது. இந்த வருஷம் வேண்டாம்.

அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுகிறது. உபரி நீர் என்பதைக் கவனியுங்கள். மழை பொய்த்த வருஷத்தில் உபரி இருக்காது. நல்ல வருஷத்தில் குளம் நிரம்பினால் சுற்றுக் கிணறுகள் ஊறும். அந்த ஊற்றைச் சேமித்து வைப்பது உங்கள் கையில். வற்றிய பழைய கிணற்றை மண் தள்ளி மூடாதீர்கள். 6 அடி நீளம், அகலம், ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டி, காட்டில் ஓடும் மழைநீர் அதில் தெளிந்து கிணற்றுக்குள் விழும்படி செய்யுங்கள். கைவிட்ட போர்வெல்லின் வாயை இரும்பு மூடியால் திருகி அடைப்பதை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

கேள்வி: பாட்டி 'தாது வருஷப் பஞ்சம்' என்று அடிக்கடி சொல்வார். அது என்ன? இப்போதும் மழை பொய்க்கிறதே, ஏன் அப்படி நடப்பதில்லை?
(கல்லூரி மாணவி, இராசிபுரம்)

பதில்: தமிழ் வருஷம் தாது, 1876-77. 1876-ல் பருவமழை பொய்த்தது. 1878 வரை பஞ்சம் நீண்டது. அன்றைய சேலம் மாவட்டத்தில் உங்கள் ஊரும் அடக்கம். 1871 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 19,66,995. பத்து வருஷம் கழித்து 1881-ல் 15,99,595. ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இல்லாமல் போயிருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் 17,63,274 பேர் 16,57,690 ஆனார்கள். பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர்களும் இந்தக் குறைவில் உண்டு. ஆனால் செத்தவர்களே அதிகம். பட்டினியில் மெலிந்த உடம்பைக் காலராவும் வயிற்றுப்போக்கும் அள்ளிக்கொண்டு போயின.

தானியம் எங்குமே இல்லாமல் போகவில்லை. ரயிலில் வந்தது, கப்பலில் வெளியேயும் போனது. வெள்ளாமை போனவரிடமும், அவரிடம் கூலிக்குப் போனவரிடமும் அதை வாங்கக் காசு இல்லை. நிவாரண வேலையில் நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு 1877 தொடக்கத்தில், பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அன்றைய இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோகூட இல்லை. மண் சுமக்கும் உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடியபின்தான் கூட்டினார்கள். 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை, 1883-ல் பஞ்ச விதிகள் என்று பின்னால் வந்தன.

இன்று மழை பொய்த்தால் வெள்ளாமை போகிறது. கூலியும் ரேஷனும் முழுதாகப் போவதில்லை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி, பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு, பக்கத்து ஊரில் மில்லும் கம்பெனியும். ஆனாலும் பஞ்சம் வேறு உருவில் வீட்டுக்குள் வருகிறது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: மாமியார், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். எருமையை விற்றபின் வீட்டில் பால் இல்லை. ரேஷன் அரிசி இருக்கிறது. பருப்பும் காயும்தான் குறைகிறது. எனக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது. இரண்டு வேளை டீ குடித்துச் சமாளிக்கிறேன்.
(சிவகிரி)

பதில்: வயிறு நிறைந்தாலும் சத்துக் குறைவது இப்படித்தான். அதிலும் கடைசியில் சாப்பிடுபவருக்குத்தான் முதலில் குறையும். பரிமாறத் தொடங்கும் முன்பே உங்கள் பங்குப் பருப்பையும் காயையும் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். மாமியாரிடமும் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

பசிக்கு டீ குடிக்காதீர்கள். சாப்பாட்டோடும் அதற்கு ஒரு மணி நேரம் முன்பின்னும் குடித்த டீ, உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தலைசுற்றலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச்சத்தைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை இலவசம்.

கொள்ளு நம் காட்டுப் பயறு. நூற்றுக்கு 22 பங்கு புரதம். துவரம்பருப்பு விலைக்குக் கட்டுப்படாத மாதம் கொள்ளுப் பருப்பு கடைந்து, முருங்கைக்கீரை போட்டு, எலுமிச்சையோ தக்காளியோ சேருங்கள். வாரம் மூன்று நாள் அரிசிக்குப் பதில் கம்பு. சின்னப் பிள்ளை ஐந்து வயதுக்குள் என்றால் அங்கன்வாடியில் கைச்சுற்றளவு நாடா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.5 செ.மீ.க்குக் கீழே மஞ்சள், 11.5-க்குக் கீழே சிவப்பு. சிவப்பு என்றால் அன்றைக்கே மருத்துவரிடம்.

பெரியவள் பள்ளிக்குப் போகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. 'ஒரு வருஷம் மில்லுக்கு அனுப்பலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஒரு வருஷம் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

கேள்வி: சோளம் போன காட்டில் இனி ஏதாவது விதைக்கலாமா? விதைக்கு வைத்த சோளத்தைச் சாப்பாட்டுக்கு எடுக்கலாமா?
(தாராபுரம்)

பதில்: ஒரு உழவு மழை கிடைத்தால் கொள்ளு விதையுங்கள். ஏக்கருக்கு 8 கிலோ. காய் பிடிக்காவிட்டாலும் ஆட்டுக்குக் கொடியாவது கிடைக்கும். மழை இல்லாமல் விதைப்பது விதையையும் இழப்பது.

விதைச் சோளத்தில் ஏக்கருக்கு 6 கிலோ வீதம் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுங்கள். ஒரு விதைப்பு காய்ந்து போனால் மறுவிதைப்புக்கு இன்னொரு பங்கும் வேண்டும். ஆக ஏக்கருக்கு 12 கிலோ. நன்றாகக் காயவைத்து, வேப்பிலை போட்டு, காற்றுப் புகாத டின்னில் அடைத்து, மேலே விதை என்று எழுதுங்கள். வைகாசி கடைசியில் 100 மணியை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து எண்ணிப் பாருங்கள். 75-க்கு மேல் முளைத்தால் ஆடிப்பட்டத்துக்கு அதுவே போதும்.